வக்கீலாயிருந்து படத்தொழில் நடத்தியவர் வரலாறு

நம் திங்களிதழின் கடைப்பக்கங்களில் வெளிவரும் மணமக்கட் குறிப்புகளைப் பார்வையிட்டு அச்சுக்கு அனுப்பும் பணி நம்பால் ஒப்புவிக்கப்பெற்றிருத்தல் அன்பர்கள் அறிந்ததே. அண்மையில் நம் உறுப்பினர் ஒருவர் தம் மைந்தருக்குப் பெண் வேண்டி ஒரு குறிப்பு விடுத்தார். ஊர், குலதெய்வம், நட்சத்திரம், உயரம் முதலாயினவற்றை முறையே எழுதித் தொழில் என்னுமிடத்தில் ‘வழக்கறிஞர்’ என்று வரைந்திருந்தார். அவ்விளைஞர் சட்டம் பயின்று பட்டம் பெற்றவர் என்பது மெய். சிலகாலம் நீதிமன்றத்தில் கறுப்பங்கி அணிந்து நின்றவர் என்பதும் மெய். ஆயினும், இரண்டாண்டுகட்கு முன்னரே அத்தொழிலை விடுத்துச் சென்னையில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில், நிகழ்ச்சிகளின் உரிமை, ஒப்பந்தம் முதலியவற்றை நடத்தும் அலுவலராய் அமர்ந்துவிட்டார் என்பதை நாம் அறிவோம். தந்தையாரை வினவினோம். “வாத்தியாரையா, கூத்துக் கம்பெனியில் வேலை என்று போட்டால் எவர் பெண் கொடுப்பார்?” என்றார். அவருக்கு உடனே விடையிறுக்க நமக்கு இயலவில்லை. வீடு திரும்பிப் பழைய வரலாறுகள் சிலவற்றைப் புரட்டினோம். அவற்றின் பயனே இக்கட்டுரை. தந்தையாரின் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம், பெயர் கூறோம்.

கூத்து என்னும் சொல்லை இகழ்ச்சிப்பொருளில் வழங்குதல் நம்மவர்க்கு எக்காலத்து வந்த வழக்கமோ அறியோம். பத்துப்பாட்டினுள் பொருநரையும் கூத்தரையும் ஆற்றுப்படுத்தும் பாட்டுகள் இருக்கின்றன. அவற்றைத் தொகுத்த புலவர் அம்மக்களை அவையினின்று விலக்கிலர். நம் சித்தன்னவாசற் குகைத் தூண்களில் ஆடன்மகளிர் உருவங்கள் வண்ணத்தில் தீட்டப்பெற்றுள்ளன. சமண முனிவர் உறைந்த மலையில் அவை தகாவென்று எவரும் அழித்திலர். குடுமியான்மலையில் இசையிலக்கணமே கல்லில் வெட்டப்பெற்றிருக்கின்றது. இத்தகைய நாட்டிற் பிறந்தும், கலைத்தொழிலார்க்குப் பெண் கொடுக்க அஞ்சுகின்றோம். நிற்க.

கற்றோர், அவருள்ளும் வக்கீல்கள், மேடையேறத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். 1891-ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபை தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவருள் முதல்வராகிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீலாயிருந்து, பின்னர்ச் சிறுவழக்கு நீதிமன்றத்து நீதிபதியாயும் அமர்ந்தவர். பகலில் வழக்கும் மாலையில் நாடகமுமாக வாழ்ந்த அவரை எவரும் சாதியினின்று விலக்கவில்லை. நீதிபதியை விலக்குவது எளிதன்று போலும். எனினும் அச்சபையார் பொருள் கருதாது பொழுதுபோக்காக நடித்தவர். கூத்தையே பிழைப்பாக்கிக் கொள்ளுதல் வேறு என்பது அக்காலத்தார் கருத்து. இவ்வேறுபாட்டை நம் அன்பர்கள் மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் வரும் கதைக்கு இதுவே திறவுகோல்.

அடுத்து, வக்கீல் ஒருவர் படத்தொழிலை அரசினர் பொருட்டு ஆராய்ந்தார். 1927-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அமைத்த சினிமா விசாரணைக் குழுவுக்குத் தலைமை பூண்டவர், சென்னையில் வக்கீலாகவும் மத்திய சட்டசபையில் உறுப்பினராகவும் விளங்கிய திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் ஆவர். அக்குழு நாடெங்கும் சென்று 353 பேரைச் சாட்சிகளாக விசாரித்தது. காந்தியடிகளுக்கும் வினாத்தாள் சென்றது. தாம் சினிமாவுக்குச் சென்றதே இல்லை என்றும், அதனால் நன்மை விளைவதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும் அவர் விடுத்த மறுமொழி யாவரும் அறிந்தது. உள்நாட்டுப் படத்தொழிலுக்கு அரசினர் பொருளுதவி செய்ய வேண்டும் என்று 1928-இல் குழு பரிந்துரைத்தது. அறிக்கை அலமாரிக்குச் சென்றது. ஆயினும், படத்தொழில் என்பது வரியும் முதலும் ஒப்பந்தமும் தணிக்கையும் கூடிய ஒரு பெருந்தொழில், வெறுங் கேளிக்கை அன்று என்பதைச் சட்டம் அறிந்தார் ஒருவர் எழுத்தில் நிறுத்திய முதற்சான்று அதுவேயாம்.

இனி நம் மண்ணின் மைந்தரைக் கூறுவோம். 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் திருமயத்திற் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னையிலும் பயின்று வக்கீலானவர். அவரைக் காங்கிரசுத் தலைவராகவும், பூண்டி நீர்த்தேக்கத்திற்கு வித்திட்ட சென்னை மேயராகவும், காமராசரின் அரசியலாசிரியராகவும் நம் பிள்ளைகள் பாடநூலிற் படிக்கின்றனர். அவர் சுகுண விலாச சபை உறுப்பினராய்ச் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’வில் வேடந்தாங்கி நடித்தவர் என்பதையும், நடிகர்களைத் தேசிய மேடைக்குக் கொணர்ந்தவர் என்பதையும், 1930-களின் இறுதியில் தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை அமைந்தபொழுது அதன் முதல் தலைவராய் வீற்றிருந்தவர் என்பதையும் பலர் அறியார். காங்கிரசுப் பெரியோருட் பலர் சினிமாவைத் தீண்டத்தகாததாகக் கருதிய நாளில், திருமயத்து வக்கீல் அதற்கு நாற்காலி இட்டு அமர்ந்தார். அவர் 1943 மார்ச்சு 28-இல், சிறைவாசம் உடலைக் குலைத்தமையால், மறைந்தார்.

சத்தியமூர்த்தி அரசியலை விடாது படத்துறைக்குத் துணைநின்றவர். வக்கீல் தொழிலையே கைவிட்டு முழுதும் படத்துறையில் இறங்கியவரை அறிய வேண்டுமாயின் நாம் காவிரிக்கரைக்குச் செல்லல் வேண்டும். அவர் கே. சுப்பிரமணியம். 1904 ஏப்ரல் 20-இல் தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்திற் பிறந்தவர். தந்தையார் கிருஷ்ணசாமி ஐயரும் வக்கீலே. மைந்தரும் சட்டம் பயின்று பட்டம் பெற்று அத்தொழிலிற் புகுந்தார். தந்தை நடந்த வழி; ஊரில் மதிப்பு; கட்சிக்காரர் தேடி வருவர். நம் உறுப்பினர் மைந்தரும் ஏறத்தாழ இவ்விடத்தில்தான் நின்றார் என்க.

அந்நாளில் சென்னையில் ஊமைப்படம் எடுத்துக்கொண்டிருந்த அசோசியேட் பிலிம்ஸ் கம்பெனியில் ராஜா சாண்டோ படங்களை இயக்கிவந்தார். 1930-இல் ‘பேயும் பெண்ணும்’, 1931-இல் ‘அனாதைப் பெண்’ ஆகிய படங்களுக்குச் சுப்பிரமணியம் கதையமைப்பில் உதவினார். வழக்கின் கதையைச் சாட்சி, ஆவணம், குறுக்குவிசாரணை என்று வரிசைப்படுத்திச் சொல்லிப் பழகிய கை, காட்சிகளை வரிசைப்படுத்தலும் இயல்பே. 1931-இல் தமிழ்ப் பேசும்படம் பிறந்தது. 1934-இல் ‘பவளக்கொடி’யைச் சுப்பிரமணியம் இயக்கினார். எம். கே. தியாகராஜ பாகவதருக்கும் எஸ். டி. சுப்புலட்சுமிக்கும் அதுவே முதற்படம். செட்டிநாட்டுச் செல்வர் முதல் இட்டனர். (நம் திருமயம் வட்டாரத்து ஊர்கள் பலவும் செட்டிநாட்டைச் சேர்ந்தனவே, தமிழ்ப்படத்தின் தொட்டிலுக்கு நம் பக்கத்துப் பணம் கயிறாயிற்று என்று சொல்லின் மிகையன்று.) அடையாற்றில் கதிரவன் ஒளியிலேயே படம் பிடித்தனர். மேகம் மறைத்தால் வேலை நிற்கும். நடிகர் உண்ட சோற்றின் மிச்சத்துக்குக் கூடிய காகங்கள் கரைந்து ஒலிப்பதிவைக் கெடுத்தமையால், அவற்றை வெருட்டத் துப்பாக்கியேந்திய ஆள் ஒருவன் அமர்த்தப்பெற்றான் என்று திரை வரலாறு எழுதினோர் கூறுவர். அப்படத்தில் பாட்டுகள் ஏறத்தாழ 50. மக்கள் திரண்டு கண்டனர்.

அதன்பின் சுப்பிரமணியம் கூலிக்குப் படம் இயக்குபவராய் நின்றிலர். சுப்புலட்சுமியோடு கூடி மதராஸ் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் தொடங்கினார். இங்கேதான் வக்கீலறிவு பயன்பட்டது. படத்தொழிலின் நடைமுறை அறியாதார்க்கு ஒரு சொல்: படம் எடுப்பவன் தன் பணத்தால் எடுப்பது அரிது. படம் முடியுமுன்னரே ஊர்ப்பகுதி ஊர்ப்பகுதியாக வெளியிடும் உரிமையை விநியோகத்தார்க்கு எழுதிக்கொடுத்து முன்பணம் பெறுவான். அவர் கொட்டகைக்காரரிடம் பெறுவார். நடிகர், இசைவாணர், கதையாசிரியர், காமிராக்காரர், படச்சுருள் விற்பவர் அனைவரோடும் ஒப்பந்தம். ஒரு பத்திரம் பழுதாயின் படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். பாட்டிலும் நடிப்பிலும் தேர்ந்தார் பலர் எழுத்திற் கோட்டைவிட்டு வறுமையுற்றமை இத்தொழிலின் நீண்ட துயரம். சட்டம் கற்றவர் ஒருவர் தலைமையிற் பலர் பங்கேற்கும் நிறுவனமாகப் படத்தொழிலை அமைத்தமை அந்நாளிற் புதுமை. 1936-இல் வெளிவந்த ‘பக்த குசேலா’வில் பாபநாசம் சிவன் குசேலராகவும், சுப்புலட்சுமி கண்ணனாகவும் குசேலர் மனைவியாகவும் தோன்றினர், படம் பெருவெற்றி பெற்றது.

பணம் வந்தது. புராணக்கதைகளையே மேலும் மேலும் எடுத்துச் செல்வராய் இருந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. 1937-இல் ‘பாலயோகினி’ வெளிவந்தது. கணவனை இழந்த பார்ப்பனப் பெண் தன் இனத்தாரால் கைவிடப்பட்டுத் தாழ்த்தப்பட்ட குலத்து வேலைக்காரன் இல்லத்தில் அடைக்கலம் புகுதல் அதன் கதை. அவர் உடன்பிறந்தார் மகளாகிய சிறுமி பேபி சரோஜா அதில் நடித்துப் பெற்ற புகழ் பெரிது. அந்நாளிற் பிறந்த பெண்மகவுகட்குச் சரோஜா என்று பெயரிட்ட குடும்பங்கள் எண்ணிறந்தன. நம் சங்கத்துப் பாட்டியர் சிலரும் அப்பெயரினரே. ஆயின் படத்தில் மற்றொன்றும் இருந்தது. தலைமழித்து வெள்ளாடை பூண்ட கைம்பெண் பாத்திரத்திற்கு, வாழ்க்கையிலேயே கைம்மையுற்றிருந்த பார்ப்பன மாது ஒருவரையே நடிக்கச் செய்தார். வேடமாயின் பொறுத்திருப்பர், மெய்யைப் பொறுத்திலர். தஞ்சைப் பகுதி வைதிகர் கூட்டங்கூடி அவரைச் சாதியினின்று விலக்கியதாக அறிவித்தனர் என்று வரலாறு கூறுகின்றது.

இவ்விடத்தில் நாம் சற்றே நிற்கின்றோம். நம்முடையதும் ஒரு சாதிச் சங்கம். படிப்புதவி, விடுதி, மணப்பதிவு முதலிய நல்லன பல செய்கின்றோம். யாவரையும் விலக்கும் தீர்மானம் இந்நாளில் எவரும் இயற்றார், இயற்றினும் செல்லாது. ஆயினும், தம் மகன் செய்யும் தொழிலைத் தம் சங்கத்தின் இதழிலேயே மறைத்தெழுத ஒரு தந்தை முற்படுகின்றார் எனின், தீர்மானம் இயற்றப்படாமலே நம்முள் நடைபெறுகின்றது என்றன்றோ கொள்ளல் வேண்டும்? தஞ்சையார் தம் பெயரிட்டு வெளிப்படையாகச் செய்தனர். நம்மவர் திண்ணையிற் பேசிக்கொள்கின்றனர்.

சுப்பிரமணியம் அவ்விலக்குக்கு விடையாகக் கூட்டம் கூட்டவில்லை. அடுத்த படத்தை எடுத்தார். 1938-இல் ‘சேவாசதனம்’. வடநாட்டு எழுத்தாளர் பிரேம்சந்தின் நாவலைத் தழுவியது, எம். எஸ். சுப்புலட்சுமிக்கு முதற்படம். இளம்பெண்ணை முதியவருக்கு மணமுடிக்கும் கொடுமை அதன் பொருள். முதிய கணவராக நடித்தவர் திருச்சியில் இரயில்வே அலுவலராயிருந்த எப். ஜி. நடேச ஐயர். திருச்சிக்கும் நமக்கும் உள்ள தொலைவு யாவரும் அறிந்ததே. நம் ஊரார் வண்டிகட்டிச் சென்று கண்டிருத்தல் கூடும்.

1939 மே திங்களில் ‘தியாகபூமி’ வெளியாயிற்று. இதனைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். வக்கீல் சுப்பிரமணியத்தை முழுவுருவில் காண்டல் இங்கேயே. கல்கி கதை எழுத, அது ‘ஆனந்த விகட’னில் தொடர்கதையாகவும் வெளிவந்தது, ஓவியத்திற்கு மாறாகப் படத்தின் காட்சிகளே அச்சாயின. சம்பு சாஸ்திரி என்னும் அந்தணர் தாழ்த்தப்பட்டார்க்கு இடமளித்து ஊராரால் விலக்கப்படுகின்றார். (சாதிவிலக்குற்ற ஒருவர் சாதிவிலக்குற்ற ஒருவரின் கதையைப் படமாக்கினார் என்பதை நோக்குக.) அவர் மகள் சாவித்திரி கணவனால் துன்புறுத்தப்பட்டுத் துரத்தப்படுகின்றாள். பின்னர்ச் செல்வம் எய்தி உமாராணி என்னும் பெயரோடு மீள்கின்றாள். அப்பொழுது கணவன் அவள் தன்னோடு வந்து வாழ வேண்டுமென்று வழக்கிடுகின்றான். நீதிமன்றக் காட்சியில் அவள் அவனோடு வாழ மறுக்கின்றாள். வேண்டுமாயின் கணவனுக்குத் தான் ஜீவனாம்சம் தருவதாக மொழிகின்றாள். அக்காலத்துக் கொட்டகையில் இது கேட்ட ஆடவர் முகம் எவ்வாறிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கின்றோம்.

இவ்வழக்கு கற்பனைக் கதையாயினும், சட்டம் கற்பனையன்று. கணவன் தன் மனைவியைச் சேர்ந்துவாழும்படி நீதிமன்றத்தால் கட்டளையிடுவிக்கலாம் என்னும் விதி ஆங்கிலச் சட்டத்தினின்று நம் நாட்டிற் புகுந்தது. 1884-இல் பம்பாயில் ருக்மாபாய் என்னும் பெண்மணிமேல் அவ்வாறு வழக்கிடப்பட்டது; கணவனிடம் செல்க, இன்றேல் ஆறு திங்கள் சிறை என்று 1887-இல் தீர்ப்பாயிற்று. சிறையே செல்வேன் என்றார் அவர். வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. அவர் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்று மருத்துவராய்த் திரும்பினார். 1939-இல் இந்துப் பெண்ணுக்கு நம் மாகாணத்தில் மணவிலக்கு உரிமை இல்லை. அது 1949-இல் சென்னை மாகாணச் சட்டத்தாலும், 1955-இல் நாடு முழுமைக்குமான இந்து மணச் சட்டத்தாலும் வந்தது. ஆயினும் சேர்ந்துவாழக் கட்டளையிடும் விதி 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவாகவே நின்றது. ஆந்திர உயர்நீதிமன்றம் 1983-இல் அப்பிரிவு செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் 1984-இல் செல்லும் என்றது. நீதிமன்றங்கள் பல்லாண்டு கழித்து வாதிட்டதனைச் சட்டமறிந்த இயக்குநர் ஒருவர் 1939-இலேயே கொட்டகைகளில் மக்கள்முன் வாதிட்டுவிட்டார். நீதிமன்றத்தில் நின்றிருப்பின் அவர் வாதத்தை நீதிபதியும் எதிர்க்கட்சி வக்கீலும் கேட்டிருப்பர். அவ்வளவே.

படம் வெளியான காலத்தில் மாகாணத்தில் காங்கிரசு அமைச்சரவை இருந்தது. 1939 அக்டோபரில் அது பதவி துறந்தது. படத்திற் கதராடையும் தேசியப் பாட்டும் மிகுதி. 1940-இல் ஆங்கில அரசு தடைவிதித்தது. தடை வரவிருத்தலை அறிந்தவுடன் சென்னை கெயிட்டி கொட்டகையில் கட்டணமின்றித் தொடர்ந்து படத்தைக் காட்டச் செய்தனர், கூட்டம் அலைமோதியது, காவலர் உள்ளே புகுந்து தடியடி நடத்தினர். படத்தின் பிரதி ஒன்று புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது.

புகழையே கூறிச் செல்லுதல் வரலாறாகாது. நம் உறுப்பினரின் அச்சத்திற்கும் இவர் வாழ்வில் சான்று உண்டு. சென்னை மவுண்டுரோட்டில் மோஷன் பிக்சர்ஸ் புரொட்யூசர்ஸ் கம்பைன்ஸ் என்னும் ஸ்டூடியோவைச் சுப்பிரமணியம் நடத்திவந்தார். அது தீக்கிரையாகி, கடனில் மூழ்கி ஏலத்திற்கு வந்தது. அவர் படங்களை விநியோகித்து வந்த எஸ். எஸ். வாசன் 1941-இல் 86,427 ரூபாய் 11 அணா 9 பைக்கு அதனை ஏலத்தில் எடுத்தார். அதுவே ஜெமினி ஸ்டூடியோ ஆயிற்று. அவ்விடத்து மேம்பாலத்தை, அண்ணா மேம்பாலம் என்று அரசினர் பெயரிட்டும், மக்கள் ஜெமினி பாலம் என்றே வழங்குகின்றனர். முதலில் அங்கே ஸ்டூடியோ அமைத்தவர் பெயர் எவர் நாவிலும் இல்லை. அணா பைசா வரை கணக்கு நினைவிருக்கின்றது, ஆள் நினைவில்லை.

மற்றொன்றும் மறைத்தல் தகாது. மனைவியாகிய மீனாட்சி அம்மையார் இருக்க, சுப்பிரமணியம் எஸ். டி. சுப்புலட்சுமியையும் மணந்தார். அந்நாட் சட்டம் அதனைத் தடுக்கவில்லை. இருதாரத் தடை நம் மாகாணத்தில் 1949-இல்தான் வந்தது. ஆயினும், திரையில் உமாராணிக்காக வாதிட்டவர் தம் இல்லத்தில் எவர் பக்கம் நின்றார் என்று வினவுவார்க்கு நாம் தரத்தக்க விடை ஒன்றுமில்லை.

ஸ்டூடியோ போனபின்னரும் அவர் ஓய்ந்திலர். 1941-இல் ‘கச்ச தேவயானி’யில் டி. ஆர். ராஜகுமாரியை நாட்டுக்கு அறிமுகம் செய்தார். 1942-இல் நிருத்தியோதயா என்னும் நடனப்பள்ளி தோன்றியது. அவர் மகளார் பத்மா சுப்பிரமணியம் நடனக்கலையில் பெரும்பெயர் பெற்றவர். நடிகர்க்கென ஒரு சங்கம் அமைதற்கும் சுப்பிரமணியம் தூண்டுகோலாய் நின்றார். 1971 ஏப்ரல் 7-இல் மறைந்தார்.

இக்காலத்து வக்கீலுக்குக் கலைநிறுவனத்தில் வேலை யாது என்று வினவுவார்க்கு ஒரு செய்தி மட்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பெற்றது. படத்தில் வரும் பாட்டு வேறிடங்களில் ஒலிக்கும்பொழுது, பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகை உண்டு என்றும், அதனை அவர் எழுதிக்கொடுத்துவிடவும் இயலாது என்றும் அத்திருத்தம் கூறுகின்றது. ஒரு நிகழ்ச்சியில் அரைநிமிடம் ஒலிக்கும் பழம்பாட்டுக்கும் எவருக்கு எவ்வளவு தருதல் வேண்டும் என்று கணக்கிட்டுப் பத்திரம் எழுத ஓர் ஆள் வேண்டும். நம் உறுப்பினரின் மைந்தர் செய்வது அவ்வேலையே. தாம் இதுகாறும் படித்த சட்டத்தை நீதிமன்றத்தில் இருந்ததினும் மிகுதியாக இங்கே பயன்படுத்துவதாக அவர் நம்மிடம் தொலைபேசியிற் கூறினார்.

இக்கட்டுரையின் அச்சுப்படியைத் தந்தையாரிடம் எடுத்துச்சென்று படித்துக் காட்டினோம். தஞ்சையார் செய்ததைக் கேட்டபொழுது ஒன்றும் சொல்லாது வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். ஏலத்தொகையைக் கேட்டபொழுது நிமிர்ந்தார். முடிவில், “உள்ளதை உள்ளபடியே போடுங்கள், வாத்தியாரையா. தொலைக்காட்சி நிறுவனத்தில் சட்ட அலுவலர் என்றே இருக்கட்டும்” என்றார். நாம் எழுந்து வாயில் வரை வந்தபின் அழைத்து, “பி.எல். என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்” என்றார். சேர்த்துக்கொண்டோம். குறிப்பு வரும் இதழ்களுள் ஒன்றில் வெளியாகும்.